பிரளயப் படத்தில் ஒரு மண்வெட்டி

என் தம்பி கெர்பிராண்டின் படங்களில் நான் இதுவரை மூன்று முறை மூழ்கிச் செத்திருக்கிறேன். நோவா காலத்து வெள்ளத்தில் இரண்டு தடவை, செங்கடலில் ஒரு தடவை, அதுவும் எகிப்துச் சிப்பாயாக மீசையோடு. செப்புத் தகட்டில் மழையையும் அலையையும் அவன் கீறினால் பார்க்கிறவனுக்குக் கால் நனைந்த மாதிரி இருக்கும். முகம் என்று வந்தால் மட்டும் சோம்பல். எதிரில் யார் நிற்கிறார்களோ அவர்கள் முகத்தை எடுத்து ஒட்டிவிடுவான். ஹோர்ன் நகரத்தில், துறைமுகத் தெருவில், எங்கள் படக்கடையில் அவன் எதிரில் நிற்பவள் பெரும்பாலும் நான்தான். கடையைக் கவனிப்பதும், அச்சிட்ட ஈரத்தாளைக் கயிற்றில் காயப்போடுவதும், வாங்க வருகிறவர்களோடு வாயடிப்பதும் என் வேலை. மூழ்கிச் சாவது இனாம்.

என்னைப் போட்டதில் எனக்கு வருத்தமில்லை. லுப்பெர்ட்டைப் போட்டதில்தான் எனக்குக் கோபம் வந்தது.

லுப்பெர்ட் எங்கள் அச்சு உருளையைச் சுற்றுகிறவன். அதற்கு முன்னால் அவன் விவசாயி. வார்டர்வேன் ஊரில், கடலைவிடத் தாழ்ந்த நிலத்தில், ஒரு அண்ணனுக்குத் தம்பியாகப் பிறந்தான். அப்பா செத்தபோது அண்ணன் பாரெண்டுக்கு மேட்டு நிலமும், இவனுக்குக் கரையோர நிலமும் பங்காக வந்தன. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கினார்களாம். அந்தச் சீட்டை யார் குலுக்கினார்கள் என்று நான் கேட்டதில்லை, கேட்டால் என் வாய் சும்மா இருக்காது. எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு நிலம் இருந்தால், கடலைத் தடுக்கும் மண்கரையிலும் ஒரு துண்டு அவன் தலையில் வரும். கடற்புல்லை வாரிக் குவித்து, மரக்கம்பு அடித்து, அந்தத் துண்டை அவன்தான் காப்பாற்ற வேண்டும். லுப்பெர்ட்டின் துண்டு வளைவில் இருந்தது. வடமேற்குக் காற்று நேராக வந்து அறையும் இடம். பதினெட்டு வயதிலிருந்து ஈரப்புல் சுமந்து சுமந்து அவனுடைய இடது தோள் இறங்கிவிட்டது. தூரத்தில் வரும்போதே லுப்பெர்ட் என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஆள் நல்ல ஆள். பாடத் தெரியாது, ஆனாலும் பாடுவான். மோர்க் கஞ்சியை மூன்று கிண்ணம் குடித்துவிட்டு நாலாவதைப் பார்ப்பான். வெண்டெல் என்று ஒருத்தியைக் கட்டினான். அவள் அவனைவிட உயரம், அவனைவிடப் புத்திசாலி, அதை இரண்டு பேரும் ஒத்துக்கொண்டவர்கள். இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு மாடுகளுக்கு நோய் வந்தது. மாடு போனதும் மரக்கம்பு வாங்க வழியில்லை. கம்பு இல்லாமல் கரை எத்தனை நாள் நிற்கும்? ஒரு கோடைக்காலத்தில் அவன் மண்வெட்டியை ஊன்றிவிட்டான்.

ஊன்றுவது என்றால் எங்கள் ஊர்களில் சின்னக் காரியம் இல்லை. கரைகளை மேற்பார்க்கிற கரைத்தலைவர் மணி அடிக்க, ஊர் கூடிப் பார்க்க, தன் பங்குக் கரையில் தன் மண்வெட்டியைக் குத்தி நிறுத்திவிட்டு, கையில் கொண்டுபோக முடிந்ததோடு ஊரைவிட்டுப் போக வேண்டும். அதற்கு மேல் நிலம் அவனுடையது இல்லை. அந்த மண்வெட்டியை யார் பிடுங்குகிறார்களோ, நிலம் அவர்களுக்கு, கரையின் பாரமும் அவர்களுக்கு. லுப்பெர்ட் வெண்டெலையும் ஒரு கெண்டியையும் கூட்டிக்கொண்டு எங்கள் நகரத்துக்கு வந்தான். கெர்பிராண்டுக்கு அப்போது அச்சு சுற்ற ஆள் தேவையாக இருந்தது.

அந்த இலையுதிர்காலம் முழுக்க வார்டர்வேனிலிருந்து பாலாடைக்கட்டி கொண்டுவருகிறவர்களை அவன் ஒரே கேள்வி கேட்டான். "யாராவது எடுத்தாங்களா?" யாரும் எடுக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நவம்பர் கடைசியில் பெருங்காற்று அடித்தது. கரை உடைந்தது. உடைந்தது அந்த வளைவில்தான், அவன் விட்டுவிட்டு வந்த துண்டில். ஊர் ஜனம் கோயில் பரணில் ஏறித் தப்பியது. மாடுகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. பாரெண்டின் வீட்டுக் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்ததாம்.

அதற்குப் பிறகு லுப்பெர்ட்டின் பெயரைச் சொல்லவே ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. சந்தையில் பார்த்தால் திரும்பிக்கொள்வார்கள். அவன் செய்தது வழக்கப்படி சரிதான். அது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் மாட்டை இழந்தவனுக்குத் திட்ட ஒரு பெயர் வேண்டும். இவன் பெயர் கைவசம் இருந்தது. அவன் பாடுவதை நிறுத்தினான். நாலாவது கிண்ணத்தைப் பார்ப்பதையும் நிறுத்தினான்.

அப்போதுதான் போதகர் வந்து படம் கேட்டார். பிப்ரவரியில் உபவாச ஜெப நாள் வருகிறது, கோயில் வாசலில் பிரசங்கத்தோடு சேர்த்து விற்க நோவாவின் பிரளயம் வேண்டும் என்றார். பின்னணியில் வார்டர்வேன் கோபுரமும் உடைந்த கரையும் தெரிய வேண்டும். எல்லோர் அடுப்பங்கரையிலும் தொங்க வேண்டும், பார்க்கிறவர்கள் திருந்த வேண்டும்.

கெர்பிராண்டிடம் ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த பழைய பிரளயப் படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துப் போடலாம் என்றான். போதகர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து முகம் சிவந்தார்.

"என்னப்பா இது, பாவிங்க எல்லாம் அம்மணமா இருக்காங்க."

"பிரளயத்துல துணி நனைஞ்சிடும்னு கழட்டிட்டாங்க போல, ஐயா" என்றேன்.

என்னை முறைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "அடுப்பங்கரையில மாட்டற படம். துணி போட்டு விடுங்க."

துணி போட வேண்டும் என்றால் என்ன துணி போடுவது? கெர்பிராண்ட் கண்ணில் பட்ட துணியைப் போட்டான். பாறையில் தொங்குகிறவளுக்கு எங்கள் ஊர்க் குல்லாய், தண்ணீரில் கை நீட்டுகிறவனுக்கு எங்கள் ஊர்க் கால்சட்டை. இப்படித்தான் ஆதிகாலத்துப் பாவிகள் எல்லோரும் எங்கள் துறைமுகத் தெருக்காரர்கள் ஆனார்கள். விஷயம் வெளியே கசிந்ததும் கரைத்தலைவர் சும்மா போகிற மாதிரி வந்து, பேழையில் ஏறுகிறவர்களில் ஒருவருக்குத் தன்னுடைய மாதிரி அகலக் கழுத்துப்பட்டை இருந்தால் நன்றாக இருக்குமே என்றார். பேழையில் மொத்தம் எட்டுப் பேருக்குத்தான் இடம், வேதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் எட்டாவது ஆளாக ஏறிவிட்டார், எப்படி என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். பேழைக்குள்ளே இருப்பவர்கள் யார், வெளியே இருப்பவர்கள் யார் என்று பார்த்தாலே போதும், எங்கள் நகரத்தில் யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

தகடு முடிந்த அன்று லுப்பெர்ட்தான் முதல் தாளை எடுத்தான். மை பூசி, துணியால் துடைத்து, உள்ளங்கையால் மெருகேற்றி, ஈரத்தாளை வைத்து, கம்பளியால் மூடி, உருளையைச் சுற்றினான். தாளை மெல்ல உரித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நானும் எட்டிப் பார்த்தேன்.

முன்னால் ஒரு மேடு. மேட்டில் ஊன்றிய மண்வெட்டி. அதை விட்டுவிட்டுப் போகிற ஒருவன், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு தோள் இறங்கியிருந்தது. அவனுக்குப் பின்னால் மண்வெட்டியை ஒட்டியே கரை பிளந்து கடல் உள்ளே வருகிறது.

"இது யாரு?" என்றேன்.

"ஒரு பாவி" என்றான் கெர்பிராண்ட்.

"பேரோட சொல்லுடா."

"முதுகுக்கு ஏதுக்கா பேரு? போதகர் மண்வெட்டி வேணும்னாரு. அதை விட்டுட்டுப் போற சோம்பேறி ஒருத்தன் வேணும்னாரு. போட்டேன்."

"தோளைப் பாரு. நம்ம லுப்பெர்ட்டு தோளு."

"அவனுக்கு எறங்கியிருக்கறது இடது தோளு. படத்துல எறங்கியிருக்கறது வலது. தகடு அச்சுல திரும்பும்ல. யாரு கண்டுபிடிக்கப் போறா?"

"தெருவே கண்டுபிடிக்கும். நீ வரைஞ்சதே அவனைப் பாத்துத்தான்னு சொல்லேன்."

கெர்பிராண்ட் உளியைத் துடைக்க ஆரம்பித்தான். அவன் கெட்டவன் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அச்சுப் பக்கம் திரும்பினான், அங்கே ஒரு முதுகு இருந்தது, வரைந்துவிட்டான். யோசிக்காமல் செய்கிறவர்களோடு சண்டை போடுவது கஷ்டம்.

லுப்பெர்ட் தாளைக் கயிற்றில் மாட்டினான். "முதுகு நல்லா வந்திருக்கு, முதலாளி" என்றான். அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது எனக்கு.

மறுநாள் வெண்டெல் பின்வாசலில் வந்து நின்றாள். அழுகிற ஜாதி இல்லை அவள். அன்றைக்குக் கண் வீங்கியிருந்தது.

"அக்கா, அவரு கிழக்கிந்தியாவுக்குப் போற கப்பலுக்குப் பேர் குடுக்கப் போறேங்கறாரு."

"என்னது?"

"படம் வெளிய போச்சுன்னா இந்த ஊருலயும் நிக்க முடியாதாம். வாயில சொன்னா காத்துல போயிடும், தாள்ல வந்தா சுவத்துல தொங்கும், என் புள்ளைக்குப் புள்ளை வரைக்கும் பாப்பாங்கன்னு சொல்றாரு. பத்தேவியாவாம், நாகப்பட்டினமாம். போறவங்கள்ல பாதிப்பேரு திரும்பறதில்லக்கா. எனக்கு வயித்துல இப்பதான் மூணாவது மாசம்."

நான் நேராகத் தம்பியிடம் போய் முதுகை எடுத்துவிடு என்றேன். செப்பில் ஒன்றை எடுப்பது தாளில் அழிப்பது மாதிரி இல்லை, சுரண்டி, பின்னாலிருந்து தட்டி மேடாக்கி, தேய்த்து மெருகேற்றி மறுபடி கீற வேண்டும், ஜெப நாளுக்குள் முடியாது, போதகரும் விடமாட்டார் என்றான். இரண்டு நாள் அவனுக்கு நான் சோறு போடவில்லை. கடையில் ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் வாங்கித் தின்றுகொண்டு வேலையைப் பார்த்தான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படத்தின் முதல் தாளைச் சன்னலில் மாட்டிவிடுவோம். தெருவில் போகிறவர்கள் நின்று குறை சொல்வார்கள். பாய்மரக் கயிறு தப்பு, பசுவின் கொம்பு தப்பு என்று ஆளாளுக்குச் சொல்ல, நியாயமானதைத் திருத்திவிட்டு மொத்தமாக அச்சிடுவான் கெர்பிராண்ட். படத்தில் ஒரு பிழை என்று யாராவது நிரூபித்துவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. குறை சொன்னவர்களே வாங்கவும் செய்வார்கள் என்பது என் கணக்கு.

இந்தப் படத்தையும் அவன் மாட்டினான். அன்று சன்னலில் ஒரே கூட்டம். ரொட்டிக்காரி பாறையில் தொங்குகிற குல்லாயைப் பார்த்து, "இது என் நாத்தனாரு" என்று சந்தோஷப்பட்டாள். "தோள் எறங்கின ஆளு யாருன்னு தெரியுதா?" என்று ஒருவன் கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். உள்ளே அச்சுக்குப் பக்கத்தில், திரைக்குப் பின்னால், லுப்பெர்ட் மை அரைத்துக்கொண்டிருந்தான். அரைக்கிற சத்தம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது.

கூட்டத்தில் ஒரு பெரிய உருவம் ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. லுப்பெர்ட்டின் அண்ணன் பாரெண்ட். வீடு மூழ்கியதிலிருந்து எங்கள் நகரத்தில் மனைவியின் சொந்தக்காரர்கள் வீட்டில் இருந்தான். தம்பியோடு பேச்சுவார்த்தை கிடையாது. எல்லோரும் போன பிறகும் அவன் போகவில்லை. கடைசியில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"படம் தப்பு" என்றான்.

கெர்பிராண்டுக்கு மூக்கு விடைத்தது. "எங்க தப்பு?"

"மண்வெட்டி."

"மண்வெட்டிக்கு என்ன? கைப்பிடி நீளமா?"

"அது அங்க இல்ல."

"அவன் ஊன்றினதை ஊரே பாத்துச்சே. நீயும் நின்னு பாத்திருப்ப."

"ஊன்றினான். ஆனா கரை உடைஞ்ச அன்னைக்கு அது அங்க இல்ல. நீ உடையற கரையையும் மண்வெட்டியையும் சேத்துப் போட்டிருக்க. அது தப்பு. அப்படி இல்ல."

சில பேர் வாயால் சொல்லும் பொய்யை வருஷக்கணக்கில் தாங்குவார்கள். வரைந்து கண்ணெதிரே மாட்டிவிட்டால் தாங்க மாட்டார்கள். பாரெண்ட் அந்த ரகம் என்று அன்றுதான் தெரிந்தது.

"அன்னைக்கு எல்லாரும் கோயில் பரண்ல இருந்தீங்க. மண்வெட்டி இல்லன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றேன் நான். எனக்கே குரல் மெதுவாகத்தான் வந்தது.

 பாரெண்ட் சன்னலில் தொங்கிய படத்தைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். வெளியே போய்விடுவான் என்று நினைத்தேன்.

"என் வைக்கோல் பரண்ல இருந்துச்சு" என்றான்.

திரைக்குப் பின்னால் மை அரைக்கிற சத்தம் அடியோடு நின்றது.

"காத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி, மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள் போய்ப் பிடுங்கிட்டேன். அப்பா நிலம். வேற எவன் கைக்காவது போகக் கூடாதுன்னு. கம்பு வாங்கிட்டுக் கரைத்தலைவர்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். இன்னைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். அப்புறம் காத்து வந்துடுச்சு. அப்புறம் எங்க சொல்றது? எல்லாரும் அவனைத்தான் திட்டினாங்க. நானும் திட்டினேன்."

திரையை விலக்கிக்கொண்டு லுப்பெர்ட் வந்தான். முழங்கை வரைக்கும் கறுப்பு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடிதடி நடக்கும் என்று நினைத்துக் காய்ந்த தாள்களை நான் ஓரமாக எடுத்து வைத்தேன்.

"நெசமாவா, அண்ணே?" என்றான் லுப்பெர்ட்.

"நெசந்தான்."

"நான் விட்டுட்டு வந்த நெலத்த ஒருத்தன் தனக்கு வேணும்னு எடுத்தானா?"

பாரெண்ட் தலையாட்டினான்.

லுப்பெர்ட் அப்படியே தாள்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். நல்ல தாள், அவன் கால்சட்டையெல்லாம் மை. எனக்குத் திட்டத் தோன்றவில்லை. முகத்தைக் கையால் துடைத்தான், முகமும் கறுப்பானது. சிரிக்கிறானா அழுகிறானா என்று புரியவில்லை. பிறகு சத்தமாக மூச்சு விட்டான். நவம்பரிலிருந்து உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு அது. எனக்கும் நெஞ்சு லேசானது. அதை வெளியில் காட்டாமல் இருக்கத் துடைப்பத்தைத் தேடினேன்.

அந்த நேரம் பார்த்துப் போதகர் வந்து சேர்ந்தார். முதல் தாள் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வந்தவர். கெர்பிராண்ட் நடந்ததைச் சொன்னான். பாரெண்டும் இன்னொரு தடவை தன் வாயாலேயே சொன்னான். போதகர் படத்தைச் சுட்டிக் காட்டினார்.

"சரி. அப்போ தோளை மட்டும் மாத்திப் போடுங்க. பெரிய உருவமா, தொப்பியோட."

"வேணாம் ஐயா" என்றான் லுப்பெர்ட்.

"ஏன்? குத்தம் இவன் மேலதானே?"

"இருக்கட்டும். அந்தத் தாளை என் கையால நான் எடுக்க மாட்டேன். நான் எடுத்துப் பாத்துட்டேன், எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அண்ணன் பிள்ளைங்க எங்க போய் நிக்கும்?"

"யாராவது ஒருத்தன் அங்க இருக்கணுமே. ஜனங்க யாரைப் பாத்துத் திருந்துவாங்க?"

"கரைத்தலைவரைப் போடலாம்" என்றேன். "மண்வெட்டி காணாம போச்சான்னு வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பாக்கறது அவரு வேலைதானே. ஆனா அவருதான் பேழையில ஏறிட்டாரே."

போதகர் நல்லவர், சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாதவர். தொண்டையைச் செருமிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படத்தை வெகுநேரம் பார்த்தார். "ஆள் வேணாம். தண்ணி மட்டும் இருக்கட்டும்" என்றார் கடைசியில். ஜெப நாளுக்குள் முடியாது என்று சொன்ன அதே கெர்பிராண்ட், படத்தில் பிழை என்று நிரூபித்துவிட்டார்கள் அல்லவா, சுரண்டும் உளியை எடுத்துக்கொண்டு அந்த நிமிஷமே உட்கார்ந்துவிட்டான். மண்வெட்டியும் போனது, முதுகும் போனது.

இவ்வளவு நடந்ததில் லுப்பெர்ட்டைக் கவனிக்க மறந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தால், தாள்கட்டின் மேலேயே சாய்ந்து, பட்டப்பகலில், வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். வெண்டெலை ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். கையில் மோர்க் கெண்டியோடு ஓடி வந்தாள். நான் சொன்னதைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை நாளாச்சுக்கா இவரு இப்படித் தூங்கி" என்றாள். "எழுப்பிடாதீங்க."

தகட்டைப் பின்னாலிருந்து சுத்தியலால் தட்ட வேண்டிய கட்டம் வந்தது. கெர்பிராண்ட் சுத்தியலைக் கையில் எடுத்தான், லுப்பெர்ட்டைப் பார்த்தான், கீழே வைத்தான். வெளியே போய்ப் பக்கத்துக் கொல்லன் பட்டறையில் தட்டிக்கொண்டு வந்தான். இரண்டு நாள் பட்டினி போட்டதற்கு அன்று ராத்திரி அவனுக்குப் பன்றி இறைச்சியும் கேரட்டும் போட்டு நல்ல சாப்பாடு செய்வது என்று அப்போதே முடிவு செய்தேன்.

பாரெண்ட் போகவே இல்லை. மூலையில் ஒரு முக்காலியில், இப்போது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெண்டெல் அவனைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் கொண்டுவந்த மோரை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றை அவன் பக்கத்தில் நங்கென்று வைத்தாள்.

விளக்கேற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் லுப்பெர்ட் கண் விழித்தான். அண்ணன் இன்னும் அங்கேயே இருப்பதைப் பார்த்தான்.

"கரைத்தலைவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"இன்னும் போகலையா? ஏன் இங்கயே உக்காந்திருக்க?"

பாரெண்ட் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தனியாப் போக பயமாயிருக்குடா" என்றான். "நீயும் கூட வர்றியா?"

லுப்பெர்ட் எழுந்து வாளியில் கையைக் கழுவினான். மை அவ்வளவு சீக்கிரம் போகாது. போன மட்டும் போகட்டும் என்று விட்டுவிட்டு, மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"வா, அண்ணே" என்றான்.